இடது மணிக்கட்டு

கறுப்புக் கயிறு அவிழவில்லை. யுவராணி பல்லால் கடித்து இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகிப்போயிற்று. "இங்க குடுடி" என்று அவள் இடது கையை வாங்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள் தனக்கொடி. நகம் முடிச்சுக்குள் நுழையவில்லை. எக்ஸ்ரே அறையின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்ற டெக்னீஷியன் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அவசரப்படுத்துவதுபோல இருந்தது. "கயிறு இருந்தா பரவால்லம்மா. அதுல கோத்திருக்கிற தாயத்துதான் ஆகாது. தகரம் படத்துல வெள்ளையா விழும். மிஷின் அதையும் ஒரு எலும்புன்னு எடுத்துக்கும்" என்றான். "ஐயையோ, அப்புறம் எங்க பொண்ணுக்கு நாப்பது வயசுன்னு சொல்லிடப்போவுது" என்று கூட வந்திருந்த விளையாட்டு டீச்சர் பிரிஸ்கில்லா சிரித்தாள். யுவராணியும் சிரித்தாள். தனக்கொடிக்குச் சிரிப்பு வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "என்னாமா, எனக்குத்தான் எக்ஸ்ரே. நீ ஏன் சிரிக்க மாட்டேங்கற" என்றாள் மகள். முடிச்சு ஒருவழியாக நெகிழ்ந்தது. கயிறு கிடந்த இடத்தில் தோல் சற்று வெளுத்திருந்தது. தனக்கொடி அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை விட்டாள். மகள் எழுந்து உள்ளே போனாள். "படம் எடுக்க ரெண்டு நிமிஷம். பேரு, விவரம் ஏத்தி, கம்ப்யூட்டர் பாத்துச் சொல்ல ஒரு இருபது நிமிஷம் ஆகும். முன்னெல்லாம் ரெண்டு டாக்டர் உக்காந்து புஸ்தகத்துல இருக்கிற படத்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. இப்ப ஏஐதான். மாசத்தோட சொல்லிடும்" என்றான் டெக்னீஷியன். "மாசத்தோடவா?" என்று கேட்டது டீச்சர்தான். தனக்கொடி கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. அதன் தலைமேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

மாசத்தோட. வருஷத்தோடு சொன்னால்கூட ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், டாக்டருங்க கண்ணால பாத்துச் சொல்றதுதானே என்று. செஞ்சியில் விடிகாலை பஸ் ஏறியதிலிருந்து டீச்சர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களில் நீளம் தாண்டுவதில் யுவராணிக்கு மேலே மாநிலத்தில் ஒரே ஒருத்திதான், அவளும் இந்த வருஷத்தோடு வயது தாண்டிவிடுவாள், விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் பன்னிரண்டாவது வரைக்கும் படிப்பு, சாப்பாடு, ஷூ, எல்லாம் அரசாங்கம், வயதைப் பார்க்கிற இந்த ஒரு எலும்புப் பரீட்சைதான் பாக்கி. போன வருஷம் வேறொரு மாவட்டத்துப் பெண் இதில் மாட்டிக்கொண்டதை டீச்சர் திண்டிவனம் தாண்டும்போது சொன்னாள். சர்டிபிகேட்டில் பதினைந்து, கையெலும்பில் பதினேழு. ரெண்டு வருஷத்துக்கு எந்த மைதானத்திலும் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேப்பரில் பெயரோடு வந்தது. அந்தப் பெண்ணைப் பெத்தவங்களை அழைத்து விசாரித்தார்களாம். "பிள்ளைய வச்சுப் பொழைக்கிறதுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வேர்க்கடலையை உரித்துத் தனக்கொடியின் உள்ளங்கையில் போட்டாள். தனக்கொடி அதை வாயில் போட்டு மென்றாள். பதினைந்து, பதினேழு. அதே பதினைந்து, அதே பதினேழு. டீச்சர் தெரிந்துதான் சொன்னாளோ. இல்லை, அந்த முகத்துக்கு ஒளிக்கத் தெரியாது. சொந்தக் காசில் பஸ் டிக்கெட் எடுத்தவள். யுவராணி தாண்டும்போது மணலில் விழுந்த குழியின் ஓரத்தில் மண்டிபோட்டு டேப்பைப் பிடிப்பவள். ஒரு விரல்கடை கூடினால் குழந்தைபோலக் கத்துபவள்.

கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணத் தொடங்கினாள் தனக்கொடி. நாலு விரலுக்குப் பன்னிரண்டு கணு, பன்னிரண்டு மாசம். காகிதத்தில் இருப்பது மார்கழி மாசத்துப் பிறப்பு. அந்தக் கணக்கில் பதினைந்து வருஷமும் மூன்று மாசமும். நிஜத்தில் யுவராணி பிறந்தது அதற்கு முந்தின வருஷத்துப் பங்குனி. பங்குனியிலிருந்து பங்குனிக்கு ஒரு வருஷம், அப்புறம் சித்திரை, வைகாசி, ஆனி, என்று மோதிரவிரல் வரைக்கும் வந்து எண்ணிக்கை தப்பிப்போகும். மறுபடி சுண்டுவிரலிலிருந்து. எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றே முக்கால் வருஷம். அது குறைவதில்லை. பங்குனி என்பதும்கூடத் தேதி தெரிந்து சொல்வதில்லை. செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளையில் மூன்றாவது சுற்றுக் கல்லுக்கு நெருப்பு வைத்த மறுநாள், சாம்பல் பறந்துகொண்டிருந்தபோது, கல் அறுக்கிற களத்தை ஒட்டின ஓலைக் குடிசையில், பக்கத்துக் குடிசைக்காரியின் கையில் விழுந்தாள் அவள். எந்த ஆபீஸில் போய் எழுதுவது. தை பிறந்ததும் சூளைக்குப் போய் ஆடியில் ஊர் திரும்புகிற ஜனம். சூளையில் பிறக்கிற பிள்ளைக்கு மேஸ்திரி ஒரு துண்டு வாங்கிக் கொடுப்பான், அதுதான் பதிவு. அடுத்துப் பிறந்த சின்னவள் அப்படியில்லை. மார்கழியில் பிறந்தாள். மார்கழியில் வேலை கிடையாது, ஊரில்தான் இருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில், மின்விசிறிக்கு அடியில், நர்ஸம்மா கையில் பிறந்தாள். ஒரு வாரத்தில் சர்டிபிகேட் வந்தது. பாலினம் பெண். தாய் தனக்கொடி. தகப்பன் ஏழுமலை. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. பேரை அப்புறம் வந்து சேர்த்துக்கலாம் என்றார்கள், எல்லாருக்கும் அப்படித்தான், வருஷக்கணக்கில் டைம் இருக்கு என்றார்கள். ஆடியில் சூளையிலிருந்து திரும்பியதும் கோயிலில் மொட்டை போட்டுப் பெயர் வைக்கலாம் என்று இருந்தது. ஆனியிலேயே போய்விட்டாள். மூன்று நாள் பேதி. ஆறு மாசம் ஆகியிருந்தது, ஒரு கையின் பாதிக் கணு. பெயரில்லாமல் வந்து பெயரில்லாமலே போனாள். பாப்பா என்பார்கள், சின்னது என்பார்கள், அவ்வளவுதான். அவள் போனதையும் யாரும் எங்கேயும் எழுதவில்லை.

செல் அதிர்ந்தது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற ஏழுமலை. சென்ட்ரிங் பலகை அடிக்கிற சத்தம் அவன் குரலுக்கு முன்னால் வந்தது.

"என்னா ஆச்சு? மிஷினு என்னா சொல்லுது?"

"உள்ள போயிருக்கா. ஆவல இன்னும்."

"பயந்துகினு எதையாவது ஒளறி வைக்காத. கேட்டாத்தான் பேசணும். கேக்காததப் பேசக்கூடாது."

"மாசத்தோட சொல்லுமாம்யா."

"சொல்லட்டும். என்னாத்த சொல்லிடும். நாம என்ன திருடுனமா, எவன் ஊட்டுக் காகிதத்தையாவது எடுத்துக்கினமா? நம்ம பிள்ள, நம்ம காகிதம்."

"யாரு பிள்ளைக்கு யாரு காகிதம்" என்று கேட்டாள் அவள், டீச்சருக்குக் கேட்காதபடி புடவைத் தலைப்பை வாயருகே வைத்துக்கொண்டு.

"வையி போன" என்றான்.

நம்ம காகிதம். அன்றைக்கும் இதையேதான் சொன்னான். சின்னவள் போன பிறகு அவர்கள் சொந்த ஊருக்குக் குடி திரும்பவேயில்லை. சூளை விட்டுச் சூளையாகச் சுற்றிவிட்டு, செஞ்சிப் பக்கம் காலனியில் ஒரு வீடு பிடித்தபோது யுவராணிக்கு ஏழு வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரம்மா பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார். டிரங்குப் பெட்டியின் அடியில், ஒரு குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள், அந்தக் காகிதம் இருந்தது. அது அங்கே இருப்பதை அவள் மறக்கவில்லை. அதை வெளியே எடுக்கலாம் என்றுதான் நினைத்துப் பார்த்ததில்லை. "பேரு இல்லாத காகிதம்டி. யாருதுன்னு எழுதியா இருக்கு? அம்மா நீ, அப்பன் நானு. பொட்டப்பிள்ள. எல்லாம் சரியாத்தான கீது" என்றான் ஏழுமலை. பேர் சேர்க்கிற ஆபீஸில் போய் நின்றபோது குழந்தை பேரு என்ன என்று கேட்டார்களாம், யுவராணி என்று சொன்னானாம், எழுதிக்கொண்டார்களாம். எந்தக் குழந்தை என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது முகம் வெளுத்துப்போய்த்தான் வந்தான். ஆனால் வாயில் அதே பேச்சு, பொய்யா சொன்னேன், கேட்டதுக்குத்தானே சொன்னேன். அந்தக் கோடு போன இடத்தில் யுவராணி என்று இருந்தது. கோட்டை எப்படி அழித்தார்கள் என்று தெரியவில்லை. புதுக் காகிதமே போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காட்டினதும் பெரிய டீச்சரம்மா யுவராணியைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார். "அஞ்சரை வயசா? சரியாத்தான் இருக்கா" என்றார். அவள் ஏழேகால் வயதில் அஞ்சரை வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றபோது தலை ஒரு துளிகூட உயர்ந்து தெரியவில்லை. அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. அன்றைக்கு அது ஒரு அதிர்ஷ்டம் என்று தனக்கொடி நினைத்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. இன்னொரு படமா. ஏன் இன்னொரு படம். முதல் படத்தில் ஏதோ தெரிந்துவிட்டதா. எலும்பைப் பார்க்கிற மிஷினுக்கு எதுவரைக்கும் தெரியும். தோலுக்குக் கீழே, சதைக்குக் கீழே போய்ப் பார்க்கிறதென்றால் எங்கே நிறுத்தும். ஒரே வயிற்றில் கிடந்த இரண்டு பேரின் எலும்பில் பொதுவாக ஏதாவது இருக்குமோ, இவள் அவளில்லை என்று அது சொல்லிவிடுமோ. முட்டாள்தனம் என்று தெரிகிறது. அந்தச் சின்ன எலும்புகளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று பல வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். நினைப்பு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பாள். இங்கே தேய்க்க ஒன்றுமில்லை. சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தின் மேட்டில், ஒரு பனங்கன்றுக்குப் பக்கத்தில் சின்னவளைப் புதைத்தான் ஏழுமலை. அடுத்த தையில் அவர்கள் அதே சூளைக்கு வந்தபோது பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி நின்ற இடத்தை அவள் களத்திலிருந்து பார்த்தாள். பனங்கன்று இல்லை. ஏழுமலையைப் பார்த்தாள். அவன் மண் மிதித்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. அவளும் அச்சில் மண்ணை அப்பி, வழித்து, கவிழ்த்து, அடுத்த கல், அடுத்த கல் என்று அன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் அறுத்தாள். அதற்கப்புறம் பூசாத செங்கல் சுவர் எதன் பக்கத்திலும் அவள் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. காலனி வீட்டுக்கு முதலில் பூச்சு வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்புறம்தான் கதவு போட்டார்கள். இந்த ஸ்கேன் சென்டரில் நல்லவேளையாகச் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ்.

டிசம்பர் இருபது வந்தால் யுவராணிக்குப் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சாக்லெட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தனுப்ப வேண்டும். புதுச் சட்டை போட்டு அவள் வாசலில் வந்து நின்று, எப்படி இருக்கேன் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும்போது தனக்கொடி நல்லா இருக்குடி என்பாள். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. ஏழுமலைக்குத் தெரியும். ஊரில் இருந்தால் அவனும் அன்றைக்குச் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடுவான். ஒருத்தியின் நாளில் இன்னொருத்தி மிட்டாய் கொடுக்கிறாள். யுவராணிக்கு அப்படியொருத்தி இருந்ததே தெரியாது. இன்றைக்கு இந்தக் கதவு திறந்து, மிஷின் பதினேழு என்று சொல்லி, டீச்சர் முகம் சுருங்கி, விடுதி போய், பேப்பரில் பெயர் வந்து, எல்லாம் போனாலும் போகட்டும், யுவராணி திரும்பி, அப்போ இது யாரோட தேதிம்மா என்று கேட்பாளே. அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்று மணலைப் பார்ப்பாளே, அதேபோல இமைக்காமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன சொல்வது. உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா என்றா. அவள் பேர் என்ன என்று கேட்டால்? உன் பேருதான் என்றா.

சொல்லிவிடலாம். மிஷின் சொல்வதற்கு முன்னால் தானே டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஏமாத்தணும்னு செய்யல டீச்சர். பள்ளிக்கூடத்துல சேத்தா போதும்னுதான் செஞ்சோம். தாண்டுவா ஓடுவான்னு யாருக்குத் தெரியும். இதை இப்படியே சொன்னால் போதும்.

"டீச்சர்" என்றாள்.

"ம்? சொல்லுங்க யுவராணியம்மா." டீச்சர் செல்லில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "இருங்க இருங்க, இதப் பாருங்க முதல்ல. விடுதியில போன வருஷம் சேர்ந்த பிள்ள அனுப்புனது. திங்கள்கிழமை காலையில ரெண்டு முட்டை, பாலு, பொங்கல். மத்தியானம் கோழி. சாயங்காலம் சுண்டலு, வாழைப்பழம். ராத்திரி மறுபடி பாலு. அப்பா! எனக்கே சேரணும்போல இருக்கு. இவ கால்ல இருக்கிற வேகத்துக்கு இந்தச் சாப்பாடும் சேந்துச்சுன்னா எங்கயோ போயிடுவா. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

ரெண்டு முட்டை. பாலு. மறுபடி பாலு. "பாத்ரூம் எங்கன்னு கேட்டேன்" என்றாள் தனக்கொடி.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. எதற்கு இந்த மிஷினைக் கண்டுபிடித்தார்கள். பிறந்த தேதி தெரியாதவர்கள் நாட்டில் எத்தனை பேர், அவர்களெல்லாம் இப்படி வரிசையில் வந்து கையை நீட்ட வேண்டுமா. எட்டாவது முடிந்த கோடை விடுமுறையில்தான் யுவராணி வயதுக்கு வந்தாள். காகிதத்தில் பதின்மூன்றரை, நிஜத்தில் பதினைந்து. பக்கத்து வீட்டுக்காரி தண்ணி ஊற்ற வந்தவள், பதிமூணுதானே, சரியான வயசுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினைந்து வரைக்கும் தனக்கொடி ஒவ்வொரு மாசமும் பாவாடையைப் பார்த்துப் பார்த்துப் பயந்தது வேறு யாருக்குத் தெரியும். பிள்ளைக்கு ஏதோ குறை என்று நினைத்திருந்தாள். யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் வயதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக முடியவில்லை. அங்கேயும் வயதைத்தான் முதலில் கேட்பார்கள். குழாயை மூடினாள். மூடிய பிறகும் சொட்டியது. தாழ்வாரத்தில் யுவராணியின் குரல் கேட்டது. சிரிக்கிறாள். சிரிக்கிறாளென்றால் இன்னும் சொல்லவில்லை. அல்லது சொல்லி, அவளுக்குப் புரியவில்லை.

"எங்கம்மா போன? கையத் தட்டையா வைக்கச் சொன்னாரு, நான் ஆட்டிட்டேன், அதான் மறுபடி எடுத்தாரு. ஐஸ் மாதிரி இருந்துச்சு அந்தப் பலகை." யுவராணி இடது கையை அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். குளிர்ந்துதான் இருந்தது. "எங்கையப் பாக்கணுமே டீச்சர், பேய்ப் படத்துல வர்ற மாதிரி இருக்கு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கட்டா?"

"முதல்ல ரிசல்ட் வரட்டும்டி. வாலு."

டெக்னீஷியன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கையசைத்தான். மூன்று பேரும் போனார்கள். தனக்கொடிக்குக் கடைசியாகப் போகத் தோன்றியது. போனவுடன் அறை சின்னதாக இருந்ததால் திரையை ஒட்டி அவள்தான் நிற்கும்படி ஆயிற்று. திரையில் கறுப்பில் வெள்ளையாக ஒரு கை. யார் கை என்று சொல்ல முடியாத கை. விரல் எலும்புகளுக்கு நடுவே, மணிக்கட்டுப் பக்கத்தில், சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள் போட்டு மிஷின் அங்கங்கே நின்று பார்த்திருந்தது. கட்டத்துக்கு ஒரு எண். அவளுக்குக் காதுக்குள் இரைச்சல். டெக்னீஷியன் உதடு அசைவது தெரிந்தது.

"பதினாலு வருஷம் ஒன்பது மாசம்."

"எத்தனை?" என்றாள் டீச்சர்.

"பதினாலு ஒன்பது. சர்டிபிகேட்ல பதினஞ்சு மூணு. ஆறு மாசம் கம்மி. கம்மியா இருந்தா ஒண்ணும் கிடையாது மேடம், கூட இருந்தாத்தான் தொல்லை. பாஸ்."

டீச்சர் யுவராணியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். யுவராணி ஆ என்று கத்திக்கொண்டே சிரித்தாள். "குழந்தடி நீ! பதினாலு வயசுக் குழந்த!" தனக்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கோ தவறு நடந்திருக்கிறது. இது பழி வாங்குகிற மாதிரி ஏதோ ஒன்று.

"சார், மிஷினு தப்பாச் சொல்லுமா?"

"என்ன யுவராணியம்மா, நல்ல சேதி சொன்னா நீங்க வேற" என்றாள் டீச்சர்.

டெக்னீஷியன் கோபிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் பலபேர் கேட்டிருப்பார்கள்போல. ஆனால் அவர்கள் வேறு காரணத்துக்காகக் கேட்டிருப்பார்கள். "அது ஆயிரக்கணக்குல கை பாத்துப் பழகினதும்மா. எலும்புக்குத் தேதியெல்லாம் தெரியாது. எவ்வளவு வளந்திருக்கு, எவ்வளவு பாக்கி இருக்கு, அவ்வளவுதான் அதுல எழுதியிருக்கும். இந்தா பாருங்க, இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு இருக்குல்ல, இது ஒட்டல இன்னும். பதினேழு வயசுன்னா பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது ஒட்டி மூடியிருக்கும். சின்னதுல சரியான சோறு தண்ணி இல்லாம, நோயில கிடந்து வளந்த பிள்ளைங்களுக்குத்தான் ரெண்டு வருஷம்கூடப் பின்தங்கும். அந்த மாதிரி கேஸ் எப்பவாச்சும் வரும். பாப்பாவுக்கு அதெல்லாம் இல்ல. பாத்தாலே தெரியுதே, அத்லெட். ஆறு மாசமெல்லாம் சாதாரணம்."

ரெண்டு வருஷம்கூட. தனக்கொடியின் கட்டைவிரல் தானாகக் கணுக்களில் ஏறியது. பதினேழிலிருந்து பதினாலே முக்கால் போனால் ரெண்டு வருஷம், மூணு மாசம். யுவராணிக்கு ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆகியிருந்தபோதுதான் ஆனி மாசத்தில் சின்னவள் போனாள். அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் விரல் நிற்கவில்லை. சின்னவள் வயிற்றில் தங்கியதும் இவளுக்குப் பால் நிறுத்தியது. வேப்பெண்ணெய் தடவியது. இவள் மண்ணைத் தின்றது, அச்சிலிருந்து வழித்த ஈர மண்ணை, யாரும் பார்க்காதபோது. அடித்தால் நிறுத்துவாள், பிறகு மறுபடி. மேஸ்திரி கடையில் கொடுக்கிற பன்னும் டீயும்தான் களத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மத்தியானச் சோறு ஆக ஆக மூன்று மணி ஆகும், சில நாள் ஆகாது. காலைக் கட்டிக்கொண்டு அழுவாள், பிறகு அழமாட்டாள், கல் காய்கிற வரிசையின் நிழலில் படுத்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சமத்துப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். தனக்கொடியும் சொன்னாள். ஏழு வயதில் அஞ்சரை வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் சரியாக நின்றாளே. அது அதிர்ஷ்டம் இல்லை. திரையில் கறுப்பாகத் தெரிகிற அந்தக் கோட்டை அவள் பார்த்தாள். அவ்வளவும் அங்கே இருந்தது. மிஷின் பார்த்தது. பார்த்துவிட்டு எண்ணாக மாற்றிச் சொல்லிவிட்டது. அந்த எண் காகிதத்தோடு பொருந்திப்போயிற்று, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். பிடிபடாமல் தப்பித்ததும் பயம் போகும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள். போகவில்லை. இனி யாருமே கேட்கமாட்டார்கள் என்பது வேறு பயமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் ரெண்டு முட்டை போகும், பால் போகும், மறுபடி பால் போகும். கேக்காததப் பேசக்கூடாது.

"ம்மா, ஏன் இப்பிடி நிக்கற? போலாம் வா, பசிக்குது."

"போடி, வர்றேன்."

"நான் வெளிய ஷூ மாத்திக்கினு இருக்கேன். டீச்சர், நீங்க எனக்குப் பிரியாணி வாங்கித் தரேன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"பாஸ் ஆனாத்தான்னு சொன்னேன்."

"ஆயாச்சில்ல!" இருவரும் தாழ்வாரத்தில் போகிற சத்தம் கேட்டது. டீச்சரின் செருப்பு அதிகம் சத்தம் போட்டது.

டெக்னீஷியன் ஒரு தடித்த நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினான். அச்சடித்த வரிகளுக்குக் கீழே யுவராணியின் பெயரும் டிசம்பர் இருபதும் பேனாவால் நிரப்பியிருந்தது. "பொண்ணோட சர்டிபிகேட்டு, கை, ரெண்டும் ஒரே பிள்ளையோடதுதான்னு பெத்தவங்க உறுதி குடுக்கிறதும்மா. அப்பா வரலல்ல? நீங்க போட்டா போதும்." பேனாவை வைத்தான். பக்கத்தில் நீல மை டப்பாவும் திறந்திருந்தது. அவன் அடுத்த ஆளின் பெயரைத் திரையில் தட்டத் தொடங்கிவிட்டான். யுவராணியின் கை மறைந்து திரை வெறுமையாயிற்று. தனக்கொடி பேனாவை எடுத்தாள். நாலாவது படிக்கும்போது யுவராணி அவளைத் தரையில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, ஒரு வாரம் எழுதிப் பழக்கிய ஐந்தெழுத்து. பள்ளிக்கூடத்து மார்க் அட்டையில் அதைத்தான் போடுகிறாள். த என்று தொடங்க வேண்டும். பேனாவின் முனை காகிதத்துக்கு மேலே நின்றது. அதை அப்படியே, எடுத்த இடத்திலேயே, சத்தமில்லாமல் வைத்தாள். இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்தினாள். நோட்டில் உருட்டினாள். கல் அறுத்துத் தேய்ந்த விரல். கோடு ஒன்றும் விழவில்லை, நீலமாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. டெக்னீஷியன் நோட்டை இழுத்து, மை காய ஒருமுறை ஊதி, பக்கத்தைப் புரட்டினான்.